ஆசியச் சோற்றுத் தட்டு – 7: சோறு வேணுமா, கோழி வேணுமா?

சிங்கப்பூர் நண்பர்களிடம் எந்த நேரத்திலும் கேட்கலாம் என்று ஒரு கேள்வி இருக்கிறது: நல்ல சிக்கன் ரைஸ் எங்கே கிடைக்கும்? நள்ளிரவில் வாட்ஸப்பில் கேட்டாலும் பதில் வரும். ஒருவர் மேக்ஸ்வெல் உணவங்காடி என்பார். இன்னொருவர், அங்கே போய் வெயிலில் நிற்க வேண்டாம், கத்தோங் பக்கம் வாருங்கள் என்பார். மூன்றாமவர் தம்முடைய வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கோப்பிக்கடையைத் தவிர வேறெந்தக் கடையையும் ஒப்புக்கொள்ள மாட்டார். கடையின் பெயர் பல சமயம் ஒருவருக்கும் நினைவிருக்காது. கடை எண் நினைவிருக்கும். எந்தக் கிழமை விடுமுறை, எத்தனை மணிக்குள் போனால் தொடைக்கறி கிடைக்கும், மிளகாய்ச் சட்டினி அன்று அரைத்ததா என்பதெல்லாம் நினைவிருக்கும்.

தோ பாயோவில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், எடுத்தவுடன் கடையைச் சொல்வதில்லை.

“அண்ணே, உங்களுக்குச் சோறு வேணுமா, கோழி வேணுமா?” என்று கேட்டார்.

“சிக்கன் ரைஸ்னா ரெண்டும்தானே தம்பி?”

“ரெண்டும் வரும். ரெண்டும் நல்லா இருக்குற கடை கம்மி. எனக்குச் சோறு சரியா இருக்கணும். அது சரியில்லேன்னா கோழி எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்தக் கடைக்கு நான் ஆளைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

நானும் அவர் கட்சிதான். சிக்கன் ரைஸில் கோழி கண்ணுக்குத் தெரிகிறது. விலையும் கோழியை வைத்துத்தான் சொல்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் கொக்கியில் தொங்குவதும் கோழிதான். ஆனால் சமையற்காரரின் கை தெரிவது சோற்றில்.

கடைக்குப் பின்னால் நின்று பார்த்தால் இது விளங்கும். கோழியின் வயிற்றுக்கொழுப்பைத் தனியே எடுத்து, மிதமான தீயில் உருக்குகிறார்கள். அதில் நசுக்கிய பூண்டும் இஞ்சியும் போகின்றன. வாசனை கிளம்பியதும், கழுவி நன்றாக நீர் வடித்த அரிசியைக் கொட்டிக் கிளறுகிறார்கள். ஒவ்வொரு மணியிலும் கொழுப்பு படிய வேண்டும். அரிசியில் ஈரம் மிஞ்சியிருந்தால் படியாது. அதன் பிறகுதான் கோழி வெந்த சாறு, உப்பு, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை. நம் பக்கத்தில் ரம்பை இலை என்று சொல்கிறோமே, அதுதான். பெரும்பாலும் தாய்லாந்து மல்லிகை அரிசி. புது அரிசி சீக்கிரம் குழையும் என்பதால் பழைய அரிசியைக் கலப்பவர்களும் உண்டு. சாறு ஒரு கரண்டி கூடினால் பிசுபிசுப்பு, ஒரு கரண்டி குறைந்தால் நடுவில் அரிசி நிற்கும். வெந்து முடித்த சோறு பளபளக்க வேண்டும், ஆனால் தட்டின் அடியில் எண்ணெய் தேங்கக் கூடாது. தனியாக ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டால் கோழி, இஞ்சி, இலை மூன்றும் தெரிய வேண்டும். குழம்பு இல்லாமல் சாப்பிடும் சோறு இது. ஒளிந்துகொள்ள அதற்கு இடமில்லை.

கோழிக்கும் பக்குவம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. கொதித்த நீரில் முழுக்கோழியை இறக்கி, தீயைக் குறைத்து, நீர் தளதளக்காத சூட்டிலேயே வேக விடுகிறார்கள். இடையிடையே தூக்கி, வயிற்றுக்குள் நிற்கும் நீரை வடித்து, மறுபடி இறக்குகிறார்கள். வெந்ததும் நேராகப் பனிக்கட்டி நீரில் முக்கியெடுக்கிறார்கள். தோல் இறுகுகிறது, தோலுக்கும் கறிக்கும் நடுவே மெல்லிய கூழ் போல ஒரு படலம் உறைகிறது. எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு தெரிந்தால் நம்மவர்கள் வேகவில்லை என்று தட்டைத் தள்ளுவார்கள். அங்கே அதுதான் பக்குவம் என்பார்கள். வெட்டுக்கத்தியின் பட்டையால் ஒரு தட்டு, பிறகு ஒரே சீரான துண்டுகள், அடியில் வெள்ளரிக்காய், மேலே கொஞ்சம் சோயாவும் நல்லெண்ணெயும். பக்கத்தில் மூன்று தொட்டுக்கொள்ளல்கள்: சின்ன எலுமிச்சை பிழிந்த மிளகாய்ச் சட்டினி, இஞ்சி விழுது, கெட்டியான கறுப்பு சோயா. ஒரு சிறு கிண்ணத்தில் கோழிச்சாறு. ஒரே பானைத் தண்ணீர்தான் கோழியை வேக வைக்கிறது, சோற்றுக்கு உலை ஆகிறது, சூப்பாகவும் வருகிறது. எதையும் வீணாக்க வழியில்லாதவர்கள் கண்டுபிடித்த சமையல்.

அப்படிப்பட்டவர்கள்தாம் ஹைனான் தீவுக்காரர்கள். சீனாவின் தென்கோடியில் இருக்கும் அந்தத் தீவிலிருந்து அவர்கள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தபோது ஹொக்கியன், தியோச்சியூ, கேண்டனீஸ் மக்கள் முன்பே வந்து வணிகத்தையும் கைத்தொழில்களையும் பிடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது அடுப்படி. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் ஹோட்டல்களிலும் சமையற்காரர்களாக, பரிமாறுபவர்களாகச் சேர்ந்தார்கள். ராஃபிள்ஸ் ஹோட்டலின் புகழ்பெற்ற ‘சிங்கப்பூர் ஸ்லிங்’ பானத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் ஙியாம் தோங் பூன் ஒரு ஹைனானியர். ஹைனானியர்கள் குடியிருந்ததும் அதே ஹோட்டலை ஒட்டித்தான்: மிடில் ரோடு, பர்விஸ் ஸ்ட்ரீட், சியா ஸ்ட்ரீட். அந்த மூன்றையும் ஹைனான் முதல் தெரு, இரண்டாம் தெரு, மூன்றாம் தெரு என்றே சீனர்கள் அழைத்தார்கள்.

ஹைனானில் வென்சாங் என்ற ஊரின் கோழி பெயர் பெற்றது. அந்த ஊர்ப் பக்குவத்தைத்தான் இவர்கள் கொண்டுவந்தார்கள். வோங் யீ குவான் என்பவர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கூடையைச் சுமந்து தெருத்தெருவாகக் கோழிச்சோறு விற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. சோற்றை உருண்டையாகப் பிடித்து வாழையிலையில் மடித்துக் கொடுத்தாராம். மலாக்காவில் இன்றும் சிக்கன் ரைஸ் உருண்டையாகத்தான் வருகிறது. வோங்கிடம் தொழில் பழகிய மோக் ஃபூ ஸ்வீ 1940களின் இறுதியில் மிடில் ரோட்டில் ‘ஸ்வீ கீ’ என்ற கடையைத் திறந்தார். போருக்குப் பிறகு வெள்ளைக்காரர் வீட்டு வேலை குறைந்து, ஹைனானியர்கள் சொந்தமாகக் கோப்பிக்கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் தொடங்கிய காலம் அது. ஸ்வீ கீ 1997-இல் மூடப்பட்டது. அங்கே சாப்பிட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. எந்தக் கடையைச் சொன்னாலும் “ஸ்வீ கீ மாதிரி வராது” என்று முடித்துவிடுவார்கள். அந்த வாதத்தில் அவர்களை ஜெயிக்க முடியாது.

பனிக்கட்டி நீரில் முக்குவதும், எலுமிச்சை பிழிந்த மிளகாய்ச் சட்டினியும் ஹைனானிலிருந்து வந்தவை அல்ல என்கிறார்கள். முன்னது கேண்டனீஸ் கை; பின்னது இந்த மண்ணின் நாக்கு. இந்தத் தட்டு யாருடையது என்று மலேசியாவும் சிங்கப்பூரும் அவ்வப்போது சண்டை போட்டுக்கொள்கின்றன. 2009-இல் மலேசிய சுற்றுலா அமைச்சர் ஒருவர் இதை எங்கள் உணவு என்று உரிமை கொண்டாடியபோது பெரிய சலசலப்பே எழுந்தது. பிரிட்டிஷ் மலாயாவில் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், 1965-இல் தனித்தனி நாடானார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பேருக்கும் உரிமை உண்டு.

அந்தச் சண்டையைவிடக் கடுமையான சோதனை 2022-இல் வந்தது. உள்நாட்டில் விலை ஏறியதால் ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்தது, அதுவும் பெரும்பாலும் உயிரோடு. இரு நாடுகளையும் இணைக்கும் பாலத்தைத் தாண்டி லாரியில் வந்து, சிங்கப்பூரில் அறுபட்டு, அன்றே கடைக்குப் போகும். அது நின்றதும் உறைந்த கோழிதான் கதி என்றானது. மசாலா போட்டுக் குழம்பு வைப்பவர்கள் எப்படியோ சமாளிக்கலாம். வெறும் நீரில் வேக வைக்கும் கோழியில் உறைபனி தின்ற சாறு உடனே தெரிந்துவிடும். அக்டோபரில் தடை தளரும்வரை பல கடைக்காரர்கள் தவித்துப் போனார்கள்.

மறு வருடம் சோற்றுக்கே ஒரு பயம். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சிங்கப்பூரில் நெல் விளைவதில்லை. ஒவ்வொரு மணியும் இந்தியா, தாய்லாந்து, வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருவது. அரிசி இறக்குமதி செய்பவர்கள் தங்கள் மாத இறக்குமதியில் இரண்டு மடங்கைக் கிடங்கில் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. ஆகஸ்டு கடைசியில் இந்திய அரசு சிங்கப்பூருக்குச் சிறப்பு விலக்கு தந்தது. நம்மூர் ஆலைகளில் புடைத்த அரிசிக்கு அங்கே ஒரு நாடு காத்திருந்ததை நினைக்கும்போது, சோற்றைத் தட்டில் மிச்சம் வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி, பரிந்துரை. கடைகளைத் தேடிப் பிடித்துப் பட்டியலிடும் வேலையை ‘மக்கான்சூத்ரா’ என்ற கையேட்டின் வழியே கே. எஃப். சீத்தோ பெரிதாகச் செய்தார். நட்சத்திரங்களுக்குப் பதிலாக சாப்ஸ்டிக் குச்சிகளைப் போட்டு மதிப்பிட்ட கையேடு அது. 2016-இல் மிஷலின் உணவகக் கையேடு சிங்கப்பூருக்கு வந்தது. சைனாடவுன் உணவங்காடியில் சோயா சிக்கன் ரைஸ் விற்ற சான் ஹோன் மெங்குக்கு அந்த முதல் வருடமே ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அப்போது அவருடைய தட்டு 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). உலகமே வரிசையில் வந்து நின்றது. 2021-இல் அந்த நட்சத்திரம் போய்விட்டது. நட்சத்திரம் வருவதும் போவதும் மிஷலின் விவகாரம். வெயிலிலும் அடுப்பிலும் நின்று சமைக்கும் மனிதருக்கு உலகம் ஒரு முறையாவது தலைவணங்கியதில் எனக்கு மனநிறைவு உண்டு.

ஆனால் கையேட்டுக்கு என் நாக்கு தெரியாது. நண்பருக்குத் தெரியும். எனக்குக் காரம் வேண்டும், கொழுப்பு கொஞ்சம் குறைவாக வேண்டும், இரண்டு மணிக்கு மேல்தான் எனக்குப் பசிக்கும் என்பதை அவர் அறிவார். என்னை அனுப்பிவிட்டு, மாலையில் “எப்படி இருந்தது?” என்று கேட்கவும் அவர் கடமைப்பட்டவர். தவறான கடையைச் சொன்னால் அந்த நட்பில் ஒரு சின்னக் கீறல் விழும். அந்தப் பொறுப்போடு சொல்லப்படுவதால்தான் நண்பரின் பரிந்துரைக்கு மதிப்பு.

அந்தப் பொறுப்போடு நானும் சொல்கிறேன். முதல் முறை போகிறவர்கள் மேக்ஸ்வெல் உணவங்காடிக்குப் போங்கள். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோவிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே போகலாம். ‘தியன் தியன்’ கடையின் வரிசை தொலைவிலேயே தெரியும். அங்கே சோறு நன்றாகவே இருக்கிறது. வரிசை நீளமாக இருந்தால், அங்கே தலைமைச் சமையற்காரராக இருந்தவர் சில கடைகள் தள்ளித் தொடங்கிய ‘ஆ தாய்’ இருக்கிறது. அதையும் தயங்காமல் சொல்வேன். ஹோட்டலின் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் 1971 முதல் நடக்கும் ‘சாட்டர்பாக்ஸ்’. விலை பல மடங்கு. ஒரு முறை போதும். ஹலால் பார்ப்பவர்கள் மேசையில் அமர்வதற்கு முன் கடையின் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹலால் சிக்கன் ரைஸ் கடைகள் எல்லா வட்டாரங்களிலும் இருக்கின்றன. மசாலா இல்லாத சோறு இறங்கவே இறங்காது என்பவர்களுக்கு தேக்கா நிலையத்தின் பிரியாணிக் கடைகள். சைவர்கள் மிடில் ரோட்டின் ஃபார்ச்சூன் சென்டருக்குப் போகலாம். அந்தக் கட்டடத்தில் சைவ உணவுக் கடைகள் வரிசையாக உண்டு.

இத்தனையும் சொன்ன பிறகு, என் மனம் நிற்பது பெயர் தெரியாத அந்தப் புளோக் கடையில்தான். 2020 டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. நாடு முழுக்க 110-க்கும் மேற்பட்ட உணவங்காடி நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் அடுப்பில் நிற்பவர்களின் வயது 60-ஐ ஒட்டி இருக்கிறது. விடியுமுன் எழுந்து, கொழுப்பு உருக்கி, இஞ்சி நசுக்கி, சில வெள்ளிக்கு ஒரு தட்டு விற்கும் தொழிலுக்குப் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? நம்மூர் மெஸ் நடத்துகிறவர்களின் பிள்ளைகளும் அப்படித்தானே? புகழ்பெற்ற கடை நம் வருகையை நம்பி இல்லை. தோ பாயோவில் என் நண்பர் கூட்டிப்போன கடையில் வரிசை இல்லை. ஒரு முதிய தம்பதி. கணவர் வெட்டினார், மனைவி சோறு அள்ளினார். அந்தச் சோறு போல மேக்ஸ்வெல்லிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே, சிங்கப்பூர் போகும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு வேளையாவது, தங்கியிருக்கும் வட்டாரத்தில் குடியிருப்பவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொல்லும் கடையில் சாப்பிடுங்கள். பகல் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள். சோறு அப்போதுதான் பதமாக இருக்கும். முதல் கரண்டியைத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல் சாப்பிடுங்கள். நன்றாக இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். தட்டை எடுத்து அதற்குரிய அடுக்கில் வைத்துவிட்டு வாருங்கள். 2021 முதல் அங்கே அது சட்டம்.

(அடுத்த வாரம்: பினாங்கு நாசி கண்டார்)