பன்னிரண்டு நாள் பாக்கி இருக்கிறது

ஆடிக்காற்று ஷெட்டுக்குள் புழுதியை வாரிக் கொட்டும் நாட்களில் நாங்கள் கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்ட டீ-சர்ட்டுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருப்போம். ஐரோப்பாவில் டிசம்பரில் விற்கும் சரக்கு திருப்பூரை விட்டு மாதக்கணக்கில் முன்பே கிளம்பியாக வேண்டும். நிஜமான டிசம்பர் வரும்போது எங்கள் செக்கிங் டேபிளில் குவிந்து கிடப்பது கையில்லாத கோடைக்காலப் பனியன்.

கோடைச் சரக்குக்குத்தான் இங்கே நெருக்கடி அதிகம். காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு ஊரே காலியாகிவிடும். கிறிஸ்துமஸுக்குக் கிடைப்பது ஒரு நாள். காண்ட்ராக்டர் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார். "அக்கா, செவ்வாக்கிழம கண்டெய்னர் ஏறோணுங்க. ஞாயித்துக்கெழம அரை நாளாச்சும் வந்து குடுங்க." காலை ஆராதனையை முடித்துவிட்டு வருகிறேன் என்று ஒத்துக்கொள்வேன். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கழுத்தில் வேறொருவர் கத்தி.

2023 டிசம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டன. பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸ் வழியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. பயணத்தில் பத்து நாள், இரண்டு வாரம் கூடிப்போனது. அந்த நாட்களை யார் தலையில் கட்டுவது? செக்கிங், அயர்னிங், பேக்கிங் தலையில்தான். அதே ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்த ஞாயிறுகளில் நாலாவதே டிசம்பர் 24-இல் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அந்தத் திருவருகைக் காலம் சபைக் காலண்டரில் அதைவிடக் குறுகி வரவே முடியாது.

ஆனால் வேலையை மட்டும் சொல்லித் தப்பிக்கக் கூடாது. பாதி அலைச்சல் நாங்களாக இழுத்துப் போட்டுக்கொண்டது. டிசம்பர் பிறந்ததும் ஞாயிறு பள்ளி கிறிஸ்துமஸ், பெண்கள் ஐக்கிய கிறிஸ்துமஸ், பாடகர் குழு கிறிஸ்துமஸ் என்று ஆரம்பித்துவிடும். இரவில் டெம்போவில் கீபோர்டையும் டோலக்கையும் ஏற்றிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ். வீட்டுக்கு வீடு கேக், காபி. இருபத்தைந்தாம் தேதி அதிகாலை ஆராதனையில் பிரசங்கம் தொடங்கும்போது பாதி சபை தூங்கி வழியும், நானும் அதில் ஒருத்தி. இருபத்தாறாம் தேதி காலையில் எல்லாம் முடிந்துபோனது போல நட்சத்திரத்தின் ஒயரைச் சுருட்டிக் கட்டிவிடுவோம்.

அடுத்த வீட்டு அக்கா நல்லூர் விஸ்வேஸ்வரர் கோயிலுக்கு மார்கழி முழுக்கப் போவார். விடியுமுன் குளியல், வாசலில் கோலம், கோயில், அப்புறம் அவரும் பனியன் கம்பெனிக்குத்தான். ஒரு நாள் கோலப்பொடி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, உங்க பண்டிகைக்கு நோன்பெல்லாம் கிடையாதுங்களா? ஒரே ஓட்டமா ஓடறீங்க?"

கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையில் உண்டு. திருவருகைக் காலம் ஆதியில் நோன்புக் காலம்தான். பழைய மேற்கு ஐரோப்பாவில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளிலிருந்தே உபவாசம் தொடங்கிய ஊர்கள் இருந்தன. பாலக்காட்டைத் தாண்டினால் சிரியன் கிறிஸ்தவர்கள் இன்றும் டிசம்பர் முதல் தேதியிலிருந்து இருபத்தைந்து நோன்பு இருக்கிறார்கள், மீனும் இறைச்சியும் தொடுவதில்லை. நாம் நோன்பை விட்டுவிட்டு அதே நாட்களில் விருந்தை வைத்துக்கொண்டோம்.

திருவருகை ஞாயிறுகளுக்கு நாலு மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமும் வசதியானவர்கள் வீட்டில் பிறந்ததல்ல. ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே ஏழைப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்தியவர் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன். "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839-இல் ஒரு பெரிய வளையத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு நாளுக்கு ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். வார நாட்களுக்குச் சின்ன சிவப்பு, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை. பின்னால் வந்தவர்கள் ஞாயிறுக்கு ஒன்று என்று நாலாகக் குறைத்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டில் வளையம் இல்லை, எவர்சில்வர் தாம்பாளம்தான். இரவு ஒன்பதுக்கு வீடு வந்து, குக்கரை ஏற்றி, தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டு, டிவியை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தியைக் கொளுத்தி லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் கொஞ்சம் வாசிப்போம். மூன்று விசில் வருவதற்குள் முடிந்துவிடும். இயேசு பிறந்த முதல் செய்தி போனது ராத்திரி மந்தை காத்தவர்களுக்கு. நைட் ஷிப்டில் இருந்தவர்களுக்கு என்றுதான் என் மனதில் ஓடும். அவர்களுக்குச் சொல்லப்பட்ட அடையாளம், துணியில் சுற்றி முன்னணையில் கிடத்தியிருக்கும் பிள்ளை. நாள் முழுக்கத் துணியைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்த்துவிட்டு வந்தவளால் அந்த இடத்தைச் சட்டென்று கடந்துபோக முடியாது. சமாதானம் என்று மேடையில் பேசுகிறார்களே, எனக்குக் கிடைப்பது அந்த மூன்று விசில் நேரம்தான். அது போதவும் போதுகிறது.

திருவருகையை இப்படி அமைதியாக வைத்தால் கொண்டாட்டம் எங்கே போகும் என்று கேட்டால், பின்னால் போகும். சபைக் கணக்கில் கிறிஸ்துமஸ் காலம் டிசம்பர் 25-இல்தான் தொடங்குகிறது. ஜனவரி 6, ஞானிகள் வந்து பிள்ளையைக் கண்ட திருநாளுக்கு முந்தின நாள் வரை பன்னிரண்டு நாள். 567-இலேயே பிரான்சின் தூர் நகரத்தில் கூடிய சங்கம் இந்த நாட்களைத் திருவிழாக் காலமாக வைத்துப் பேசியிருக்கிறது. பண்டிகை தொடங்கிய மறுநாளே அதை மூட்டை கட்டுவது எந்த ஊர் நியாயம்? ஐக்கியக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். "இருபத்தெட்டாம் தேதி யாரும்மா கேரல் பாடுவா?" என்று சிரித்தார்கள்.

அதனால் எங்கள் வீட்டளவில் மாற்றிக்கொண்டோம். இருபத்தைந்துக்கு முன்னால் பலகாரம் சுடுவதில்லை, புதுத்துணிக்குக் கடை கடையாக அலைவதில்லை. பண்டிகைக்குப் பிந்திய ஞாயிறு மாலை விருந்தாளிகள் வருவார்கள். கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் ஜார்க்கண்ட் பெண்கள், அவர்களில் பலர் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். அவர்கள் ஊர்ப்பக்கம் போகும் தன்பாத் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்று போகிறதுதான். ஆனால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஒரு நாள் லீவில் யார் ராஞ்சிக்குப் போய்விட்டு வர முடியும்? எங்கள் மொட்டை மாடியில் அவர்கள் தங்கள் சாத்ரி மொழியில் பாடுவார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, தாளம் மட்டும் காலைத் தூக்கும். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்து அர்சா சுடுவார்கள். பார்த்தால் நம் அதிரசம்தான். பாகு இந்தப் பதத்திலேயே இறங்கவேண்டும் என்று நான் சொல்ல, இன்னும் முறுகட்டும் ஆன்ட்டி என்று அவர்கள் நிற்க, சட்டியைச் சுற்றி ஒரே சத்தம். அடுத்த வீட்டு அக்கா வந்து இரண்டையும் தின்று பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டார்.