எஞ்சிய பால் எங்கே போகும்?

நெல்லென்றால் விலை ஏறும்வரை மூட்டை கட்டி வைக்கலாம். பாலை மறு வேளைக்குக்கூட வைத்திருக்க முடியாது. வாங்குபவர் கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டும், இல்லையேல் கொட்ட வேண்டும். மாடு கன்றுகளை விட்டுவிட்டு வந்து, மீண்டும் ஒரு பசுவோடு தொடங்க எண்ணும் குடும்பங்கள் எம்மிடம் முதலிற் கேட்பதும் இதைத்தான்: பாலை யார் எடுப்பார்கள்?

இந்தியாவின் குஜராத்திலே கெய்ரா மாவட்டத்துக் கமக்காரரும் இதே கேள்வியோடுதான் இருந்தார்கள். அவர்களின் பால் ஆனந்த் என்னும் சிறு நகரிலிருந்து புகையிரதத்தில் பம்பாய்க்குப் போனது. கொள்வனவு செய்யும் உரிமை ஒரு தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. நகரத்தவர் கொடுத்த விலைக்கும் கமக்காரர் கண்ட காசுக்கும் தொடர்பில்லை. அவர்கள் சர்தார் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டார்கள். சொந்தக் கூட்டுறவை அமையுங்கள், மறுத்தால் பால் கொடுப்பதை நிறுத்துங்கள் என்பதே அவரது ஆலோசனை. 1946இல் பதினைந்து நாட்கள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. அரசு இறங்கி வந்தது. அவ்வாண்டு டிசெம்பர் 14இல் திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் சங்கம் பதிவானது. 1948இல் பால் அனுப்பத் தொடங்கியபோது அவர்களிடம் இருந்தவை இரண்டு கிராமச் சங்கங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 லீற்றர் பாலுமே.

பலர் கதையை இந்த வெற்றியோடு முடித்துவிடுவார்கள். உண்மையான சிக்கல் பிறகுதான் வந்தது. பனிக்காலத்தில் எருமைகள் கோடையிற் கறப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகக் கறக்கும். பம்பாய்க்காரரோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு தேநீர்தான் குடிப்பார்கள். எஞ்சிய பாலின் நட்டம் கமக்காரர் தலையில் விழுந்தது. வாங்குபவரின் கணக்கும் கொடுப்பவரின் கணக்கும் பொருந்தாத இடத்தில் எளியவரே இழப்பார்.

எஞ்சியதைப் பால்மாவாக்கினால் என்ன? எருமைப்பாலில் அது முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னார்கள். அவர்களின் நாடுகளில் எருமை இல்லை. பசும்பால்மா விற்பதற்கு நிறைய இருந்தது! 1949இல் ஆனந்துக்கு வந்த பொறியியலாளர் வர்கீஸ் குரியனின் நண்பர் டலாயா அதைச் செய்து காட்டினார். யுனிசெவ் இயந்திரங்களைக் கொடுத்தது; பதிலுக்குச் சங்கம் ஏழைப் பிள்ளைகளுக்குப் பால் வழங்க வேண்டும் என்பது உடன்பாடு. 1955 ஒக்ரோபரில் ஆலையைப் பிரதமர் நேரு திறந்துவைத்தார். அதன்பின் பனிக்காலப் பால் மாவாகவும் வெண்ணெயாகவும் மாறியது.

ஆலை கமக்காரருடையது என்பதால் அது பாலை எடுப்பதோடு நிற்கவில்லை. கிராமத்திலேயே கொழுப்பளவு பார்த்து அதற்கேற்பப் பணம் கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவருக்குக் குறைந்தது, நல்ல தீனி போட்டவருக்குக் கூடியது. மிருக வைத்தியரின் வாகனம் ஊருக்கு வந்தது. 1964இல் கஞ்சாரியில் மாட்டுத்தீனித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பால் ஏற்றிய அதே சங்கத்தின் வழியாகவே தீனி மூட்டையும் திரும்பி வந்தது. புண்ணாக்கும் தவிடும் தீனியாகி, தீனி பாலாகி, சாணம் வயலுக்குப் போனது.

குறை இல்லாமல் இல்லை. கறந்தவர் பெண், சங்கப் புத்தகத்தில் பெரும்பாலும் கணவனின் பெயரே இருந்தது. புல்லுக்கு நிலமில்லாதவருக்குக் கிடைத்த பயனும் குறைவு. நிலத்தை இழந்து நிற்கும் எமது குடும்பங்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே பால் சேகரிக்கும் வண்டி உங்கள் குடியேற்றத்துக்கு வந்தால், லீற்றருக்கு என்ன விலை என்று மட்டும் கேளாதீர்கள். மாரி முடிந்து பால் பெருகும்போது முழுவதையும் எடுப்பீர்களா, கொழுப்பை எங்கள் கண்முன்னே அளப்பீர்களா, எத்தனை நாளில் பணம் தருவீர்கள் என்று கேளுங்கள். விடையை எழுத்தில் வாங்குங்கள். கறக்கும் பெண்ணின் பெயரிலேயே புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள்.