பந்தும் பாதையும்

புதுச்சத்திரம் சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. பஞ்சாப் வரை போய்வந்த ஓட்டுநர் தோழரை ஊர் மதிக்கிறது. மதிக்கட்டும், அது உழைப்புக்குரிய மதிப்பு.

ஆனால், ஒரு பெண் பந்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால்? "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஆட்டம்?" என்று முகம் சுளிக்கிறார்கள் சிலர். அவர்களுக்கு நாம் கடலூர் இந்துமதி கதிரேசனைக் காட்டுகிறோம்.

இந்திய மகளிர் அணியின் நடுக்கள ஆட்டக்காரராக நாடு நாடாகச் சென்றவர் அவர். 2019-ல் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியக் கோப்பையை வென்ற அணியில் அவரும் ஒருவர். மதுரை சேது அணிக்கும் ஆடினார். நடுக்களத்தில் நிற்பவருக்கு ஓய்வில்லை. பின்னால் காக்க வேண்டும், முன்னால் பந்து கொடுக்க வேண்டும். கோல் போட்டவர் பெயரே முழங்கும். தொழிலாளிக்குத் தெரியாத கதையா அது?

ஆட்டம் மட்டும் உலை வைக்குமா? வைக்காது. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரானார் இந்துமதி. 2020-ல் ஊரடங்கின்போது பந்தை வைத்துவிட்டுச் சென்னைத் தெருவில் காவல் நின்றார்.

1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989-ல் கழக அரசு அதைச் சட்டமாக்கிற்று. சொத்தில் பங்குண்டு, திடலில் இல்லையா? தோழர்களே, மாலையில் பள்ளித் திடலுக்கு மகனோடு மகளையும் அனுப்பிப் பதில் சொல்லுங்கள்!