மலையேறும் மூச்சும் மகளின் பங்கும்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் புறப்பட்டு விடுகின்றன. ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கச் செல்லும் ஸ்திரீகள் தூக்குச் சட்டியும் கையுமாக அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலைமேல் போகிறார்கள். சரிவில் ஏறும்போது ஒருத்தி, "மூச்சு வாங்குதக்கா" என்றால், "மலைன்னா வாங்கத்தான் செய்யும்" என்பதே பதில். வயது, ரத்தக் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. பெரும்பாலும் அவை மெய்யாகவே இருக்கும். ஹிருதயத்தின் நினைவு மட்டும் ஒருவருக்கும் வருவதில்லை. அது ஆண்பிள்ளைகளின் வியாதி என்பது நமது நெடுநாளைய எண்ணம்.

அந்த எண்ணம் முற்றும் பிழையன்று. ரத்தக் குழாய் அடைப்பினால் வரும் மாரடைப்பு, புருஷர்களைவிட ஸ்திரீகளுக்குச் சுமார் 9 வருஷம் பிந்தியே வருகிறது. ஆகவேதான் தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்குள்ளும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்குள்ளும் அது கண்டிருந்தால் குடும்பத்தில் தொடரும் நோய் என்று வைத்தியர்கள் எண்ணுகிறார்கள். அறுபது வயதில் மாரடைப்பால் போன தாயை, "காலம் வந்தது, போனாள்" என்று நாம் விட்டு விடுகிறோம். வைத்திய சாஸ்திரப்படி அது அவள் மக்களுக்கு எச்சரிக்கை.

அடைப்பன்றி, ஹிருதயத்தின் தசையையே கெடுக்கும் பரம்பரைக் குறை ஒன்றும் நம் தேசத்தில் பரவலாக உண்டு. தசை சுருங்கி விரிய உதவும் ஒரு புரதத்தின் மரபணுவில் 25 எழுத்துக்கள் விட்டுப் போயிருக்கின்றன. இந்தியரில் நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இது இருப்பதாக 2009-ல் உலகுக்கு எடுத்துக் காட்டியவர்கள், ஐதராபாத் ஆராய்ச்சி மையத்தின் கே. தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி செய்த பி.எஸ். தண்டபாணி முதலிய நம்மவர்களே. இக்குறை இளமையில் பெரும்பாலும் பதுங்கியிருந்து, நடு வயதுக்கு மேல் தலைகாட்டுகிறது.

இந்த மரபணு இருப்பது 11-வது குரோமோசோமில். ஆண், பெண்ணை நிர்ணயிக்கும் குரோமோசோமில் அல்ல. பெற்றோரில் ஒருவரிடம் குறை இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவது பாதிக்குப் பாதி. நிலத்தில் பங்கு கொடுக்கத் தயங்கும் குடும்பத்திலும் இந்தப் பங்கில் மட்டும் வஞ்சனை கிடையாது! அப்படியிருந்தும், ஹிருதயத் தசை தடித்துப் போகும் பரம்பரை நோய் கண்டவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஆண்கள். ஸ்திரீகளுக்கு நோய் பிந்தியே கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்குள் மூச்சுத் திணறலும் முற்றி விடுகிறது. பெண்ணுடம்பின் ஹார்மோன்கள் நோயைச் சற்றுத் தாமதப்படுத்தலாம். ஒருவரும் பரிசோதித்துப் பாராததும் பாதிக் காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

கல்யாணத்துக்கு முன் பெண்ணின் குலம், கோத்திரம், ஜாதகம் யாவும் விசாரிக்கிறோம். அவள் பாட்டி எதனால் இறந்தாள் என்று கேட்பதில்லை. அதிலும் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே முடிக்கும்போது, இருபுறமும் அதே குறை இருந்து குழந்தைக்கு இரட்டிப்பாய் வந்து சேரக்கூடும். அப்போது நோய் சிறு வயதிலேயே கடுமையாக வருவதுண்டு.

ஹிருதயத் தசை நோயால் தகப்பனை இழந்த வீட்டில் மகனுக்கு 'எக்கோ' எடுக்கிறார்கள். நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்துப் பார்ப்பதுதான், ஊசியில்லை, வலியில்லை. மலைக்குப் போகும் மகளுக்கோ அதற்காக ஒரு நாள் கூலி போகும். மேஸ்திரியிடம் முன்னாடியே சொல்லி வைக்கவும் வேண்டும்.