திரையில் தீர்ப்பு, நிலையத்தில் புகார்

சாதியை நேர்நின்று பேசும் தமிழ்ப் படங்களை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடப்பட வேண்டியவைதாம். ஆயினும் அரங்கை விட்டு வெளியேறும்போது ஒரு கேள்வியை எழுப்ப வேண்டியுள்ளது: இப்படங்களில் சட்டம் எங்கே நிற்கிறது?

மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) சட்டக் கல்லூரி மாணவனின் கதை. திருமண நிகழ்வொன்றில் அவன் அறைக்குள் அடைத்து அடிக்கப்படுகிறான்; அவன்மீது சிறுநீர் கழிக்கப்படுகிறது. சட்டம் படிப்பவனே புகார் அளிப்பதில்லை. அம்மௌனம் படத்தின் குறையன்று. புகாரின் பின்விளைவை அறிந்தோர்க்கு அது விளங்கும். எனினும் இன்று அத்தகைய வழக்கு நம்மிடம் வந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளியார் எவருமில்லாத நான்கு சுவர்களுக்குள் நிகழும் சாதி இழிவுரை 'பொதுமக்கள் பார்வையில்' நிகழ்ந்ததாகாது என ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் கூறியது. மனித மாண்பைக் குலைக்கும் வன்செயல்களைத் தண்டிக்கும் உட்பிரிவுக்கோ அந்நிபந்தனை இல்லை. புகாரில் இழிவுரையை மட்டும் எழுதி, செயலை விட்டுவிடுவது வழக்கையே பலவீனமாக்கும்.

பிராங்க்ளின் ஜேக்கப்பின் 'ரைட்டர்' (2021) அப்புகார் எழுதப்படும் மேசைக்கே நம்மை அழைத்துச் செல்கிறது. நிலைய எழுத்தரின் பேனா ஒரு மாணவனின் வாழ்வை எவ்வாறு சிதைக்கும் என்பதே அதன் வலிமை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இன் பிரிவு 4 அந்தப் பேனாவுக்குக் கடிவாளம் இடுகிறது. வாய்மொழிப் புகாரை எழுதியபின் படித்துக் காட்டியே கையொப்பம் பெற வேண்டும். நகலை உடனே தர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியர் இக்கடமையில் வேண்டுமென்றே தவறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

த.செ.ஞானவேலின் 'ஜெய் பீம்' (2021) ஆட்கொணர்வு மனுவின் ஆற்றலை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 1993-இல் நிகழ்ந்த உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர் குறவர். படமோ அவரை இருளராக்கியது. அம்மாற்றம் ஒரு சமூகத்தின் போராட்ட நினைவை மறைத்துவிட்டது. நாயக ஒளியும் வழக்கறிஞர் மீதே விழுகிறது. பணத்தை மறுத்து நின்ற செங்கேணியின் உறுதியின்றி அவ்வழக்கு ஏது? 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள பிரிவு 15ஏ, செங்கேணிகளுக்கே உரிமை வழங்குகிறது: பிணை மனு உள்ளிட்ட விசாரணைகள் குறித்து அவர்களுக்கு முன்னறிவிப்பு தரப்பட வேண்டும், பிணை வழங்குமுன் அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும்.

எல்லா ஊருக்கும் ஒரு சந்துரு கிடைக்கமாட்டார். நிலையத்துக்குத் துணைசெல்லும் மாணவர் ஒருவர், புகாரைப் படித்துக் காட்டச் சொல்லி நகலைக் கேட்டுப் பெற முடியும். அங்கிருந்தே வழக்கு தொடங்குகிறது.