"நிறைவேற்றிவிட்டோம்" என்றால் எதைக் கேட்பது?

திறந்த அரசாங்கப் பங்காண்மை என்ற பன்னாட்டு அமைப்பு 2011இல் தொடங்கியது. இந்தியா அதில் இல்லை. இலங்கை 2015இல் சேர்ந்தது. சேரும் நாடு குடிமக்கள் அமைப்புகளுடன் பேசிச் செயற்றிட்டம் எழுத வேண்டும். எவ்வளவு நடந்தது என்று அரசு தானும் மதிப்பிடும். அமைப்பின் சுயாதீன மதிப்பீட்டாளர்களும் தனியே பார்ப்பார்கள்.

இரண்டும் பல சமயம் ஒத்துப்போகாது. குழு அமைத்தோம், செயலமர்வு நடத்தினோம், இணையத்தளம் திறந்தோம் என்று அரசு பட்டியலிடும். அவை பொய்யல்ல. ஆனால் அந்த இணையத்தளத்தில் போன வருடக் கணக்காவது இருக்கிறதா, அது தமிழில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேலை முடிந்ததா என்று மட்டும் பார்க்கும் மதிப்பீடு பாதி மதிப்பீடுதான். முன்பு மூடியிருந்த எது இப்போது மக்களுக்குத் திறந்தது என்றும் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலில் தேறும் வாக்குறுதி ஒன்று உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 2015ஆம் ஆண்டு 19ஆவது திருத்தம் தகவலறிவதை அடிப்படை உரிமையாக்கியது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. மற்ற வாக்குறுதிகளைச் சோதிக்கும் கருவியும் இதுவே.

அதன் 9ஆம் பிரிவைப் பலரும் கவனிப்பதில்லை. உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் என்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விவரங்களைப் பொதுமக்களுக்கும், குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் பொறுப்பான அமைச்சர் அறிவிக்க வேண்டும். அவசரத் திட்டத்துக்கு மட்டும் ஒரு வாரம். உங்கள் தெருவில் வடிகால் வெட்டத் தொடங்கியபோது அப்படி யாராவது சொன்னார்களா?

சொல்லவில்லையென்றால், சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம்; உத்தியோகத்தர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. "திட்டம் எப்படிப் போகிறது?" என்று கேட்டால் "நன்றாகப் போகிறது" என்றுதான் பதில் வரும். ஒப்பந்தப் பிரதி, கொடுத்த பணத்தின் விவரம், கூட்ட அறிக்கை என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மனு கிடைத்ததற்கான சீட்டை வாங்காமல் வராதீர்கள். பின்னால் காலக்கெடுவை நிரூபிக்க அதுதான் கைகொடுக்கும்.

தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேசிய பாதுகாப்பு, தனிப்பட்டவரின் அந்தரங்கம் போன்ற காரணங்களால் மறுக்கலாம். ஆனால் பொதுநலன் அதைவிடப் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவரும் கைவிரித்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை பற்றிய ஆணைக்குழுவிடம் போகலாம். அதன் தீர்ப்பிலும் திருப்தி இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம்.