டிவிடி ரைட்டர்: உள்ளேயா, வெளியேயா?

டிவிடி ரைட்டர் வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது வேகக் கணக்குதான். கேபினெட்டுக்குள் பொருத்தினால் வேகம், யூஎஸ்பியில் வெளியே செருகினால் மந்தம் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு காலத்தில் அதில் நியாயம் இருந்தது. யூஎஸ்பி 1.1 ஏட்டளவில் தந்ததே நொடிக்கு ஒன்றரை மெகாபைட். டிவிடியை 1எக்ஸில் எழுதவே கிட்டத்தட்ட 1.4 மெகாபைட் வேண்டும். யூஎஸ்பி 2.0 வந்ததும் அந்தக் கணக்கு செல்லாமல் போயிற்று. 16எக்ஸில் எழுதத் தேவை சுமார் 22 மெகாபைட், யூஎஸ்பி 2.0 நடைமுறையிலேயே 30 மெகாபைட்டைத் தொடும். 16எக்ஸ் ப்ளூ-ரேவுக்கு வேண்டிய 72 மெகாபைட்டும் யூஎஸ்பி 3.0-க்குப் பெரிய சுமையல்ல. உள்ளே போகும் சாட்டா கேபிளோ தன் முதல் தலைமுறையிலேயே 150 மெகாபைட் தாங்கியது. எந்த வழியில் இணைத்தாலும் தரவு தட்டுப்பாடில்லாமல் வந்து சேர்கிறது. வேகத்தை வைத்து இந்த முடிவை எடுப்பவர்கள் தீர்ப்பான வழக்கைத் திரும்ப விசாரிக்கிறார்கள்.

தீராமல் கிடப்பது மின்சார வழக்கு. மேசைக் கணினிக்குள் பொருத்தும் பெரிய ரைட்டருக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட், 5 வோல்ட் என இரண்டு வரத்துகள் உண்டு. மெல்லிய வெளி ரைட்டருக்கு இருப்பது யூஎஸ்பி வயரில் வரும் 5 வோல்ட் மட்டுமே. தர விதிப்படி யூஎஸ்பி 2.0 போர்ட் கொடுக்கக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட், யூஎஸ்பி 3.0 என்றால் 900 மில்லி ஆம்பியர். பல வெளி ரைட்டர்களைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்தால் 1 ஆம்பியருக்கு மேல் என்றுதான் அச்சாகியிருக்கும். இந்த இடைவெளியை மறைக்கத்தான் சில பெட்டிகளில் இரண்டு முனை கொண்ட வயரைப் போட்டுக் கொடுத்தார்கள். மோட்டார் சுழலத் தொடங்கும் நொடியிலும், லேசர் முழுச் சக்தியோடு எழுதும்போதும்தான் இழுப்பு அதிகம். எழுதுவது தகட்டின் உட்புறத்தில் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகிறது. பெரும்பாலான ரைட்டர்களில் விளிம்பை நெருங்க நெருங்க வேகம் கூடும், லேசருக்கும் அப்போதுதான் கூடுதல் சக்தி வேண்டும். நன்றாக எழுதிக்கொண்டு போன தகடு முக்கால்வாசி தாண்டியபின் பிழை காட்டி நின்றால், தகட்டின் தரத்தைப் பழிக்கும் முன் மின்வரத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

தரவுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இங்கேதான் வருகிறது. கணினி தடுமாறித் தரவு சற்று வற்றினால், தொண்ணூறுகளில் தகடு வீணாகிவிடும். 2000 வாக்கில் அதற்குத் தடுப்பு வந்துவிட்டது: ரைட்டர் எழுதுவதை நிறுத்தி, தரவு சேர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மின்சாரம் வற்றினால் அப்படித் தொடர முடியாது. வோல்டேஜ் சரிந்து யூஎஸ்பி இணைப்பு ஒரு கணம் அறுந்தால், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய அந்தத் தகடு அதோடு போயிற்று. எழுதி முடித்துத் தகட்டை மூடும் கட்டத்தில் அறுந்தால் இன்னும் மோசம். எழுதிய கணினியில் ஏதோ தெரியும். வரவேற்பறையில் இருக்கும் பிளேயர் அதைத் தொடவே தொடாது.

ஒரு தகடு போனால் என்ன, இன்னொன்றைப் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இப்போது பல வீடுகளில் எழுதப்படுவது எது என்று அவர்கள் யோசிக்க வேண்டும். கல்யாணமும் காதுகுத்தும் முதலில் விஎச்எஸ் கேசட்டில் இருந்தன. கேசட்டில் பூஞ்சை பிடிக்க, டிவிடிக்கு மாற்றினார்கள். மாற்றியதும் கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள். எழுதும் டிவிடியின் பதிவுப் படலம் பெரும்பாலும் கரிமச் சாயம். வெயிலும் வெக்கையும் அதை மெல்ல அரிக்கும், ஓட்டு வீட்டுப் பரணில் இன்னும் விரைவாக. அந்தத் தகட்டை இன்று புதிய தகட்டுக்குப் படியெடுக்கிறவர் கையில் இருப்பது, மறைந்துபோன பாட்டியின் குரல் பதிவான ஒரே பிரதியாக இருக்கலாம். வெற்றுத் தகடுகளும் அருகி வருகின்றன; பதிவு செய்யத்தக்க ப்ளூ-ரே தகடுகளின் தயாரிப்பை ஜப்பானின் பெரிய நிறுவனம் ஒன்று 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. இந்த நிலையில் அரைகுறை மின்வரத்தில் எழுதுவது பெரிய துணிச்சல் என்றே எனக்குப் படுகிறது.

வெளி ரைட்டருக்கு ஆதரவான வாதங்களில் ஒன்றுக்கு வலு உண்டு. லேப்டாப்போடு இணைத்தால் கரண்ட் போனாலும் பேட்டரி காப்பாற்றும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி அணைந்துவிடும். இது சரிதான், ஆனால் இதற்கு மருந்து யூபிஎஸ். டைப்-சி போர்ட் 1.5 அல்லது 3 ஆம்பியர் தரலாமே என்றால், தரலாம். போர்ட்டும் வயரும் அதற்கேற்றவையா என்று பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. இன்றைய கேபினெட்டுகள் பலவற்றில் ஐந்தேகால் அங்குல அறையே இல்லை என்பதுதான் கடினமான எதிர்வாதம். பெரிய ரைட்டரை, தனக்கென 12 வோல்ட் அடாப்டர் கொண்ட வெளிப்பெட்டியில் போட்டு யூஎஸ்பியில் இணைப்பது அதற்கு விடை. ரைட்டர் வெளியே இருந்தாலும் மின்சாரத்துக்கு யூஎஸ்பி போர்ட்டை நம்பி நிற்காது.

அதற்கும் வழியில்லாமல் மெல்லிய ரைட்டர்தான் கையில் இருக்கிறது என்றால், சொந்த மின்சாரம் இல்லாத ஹப்பை முதலில் கழற்றிவிடுங்கள். மேசைக் கணினியில் முன்பக்க போர்ட்டை விட்டு, மதர்போர்டிலேயே அமைந்த பின்பக்க போர்ட்டில் குட்டை வயரால் இணைத்து, வேகத்தை ஒரு படி குறைத்து எழுதுங்கள். எழுதியதும் வெரிஃபை செய்து, வேறொரு டிரைவில் கடைசி நிமிடக் காட்சி வரை ஓட்டிப் பாருங்கள். அதுவரை பழைய தகட்டைக் குப்பையில் போடாதீர்கள்.